பள்ளிக்கூடத்தில் ஒரு மனோதத்துவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொதுப் பள்ளிக்கூடங்களில், தலைமையாசிரியர், உபாத்தியாயர், நூலகர், தாதி என்று நமக்குப் பழக்கமான உத்தியோகஸ்தர்களுக்கு நடுவே, பல இடங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் வந்து, ஒதுக்கிக் கொடுத்த சிறு அறையில் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரைக் காணலாம். அவர் பாடம் நடத்துவதில்லை. மருந்து எழுதிக் கொடுப்பதுமில்லை. எந்தக் கல்லூரியில் என்ன படிக்கலாம் என்று மாணவருக்கு யோசனை கூறும் ஆலோசகரும் அல்லர், அந்த வேலைக்கு வேறொருவர் உண்டு. 'ஸ்கூல் ஸைக்காலஜிஸ்ட்' என்று அங்கே வழங்கப்படும் இவரை நாம் பள்ளி மனோதத்துவர் என்று அழைப்போம். ஒரு பிள்ளை ஏன் கற்கவில்லை, அல்லது ஏன் வகுப்பில் நிலைகொள்ளாமல் தவிக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடுவதும், தேடிக் கண்ட விடையைக் கொண்டு அப்பிள்ளைக்கு எவ்விதம் கற்பிக்கலாம் என்று ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பதும் இவருடைய தொழில். இவ்விரண்டு பாதிகளில் முதற்பாதியில் வெகு சமர்த்தராக இருந்து, இரண்டாம் பாதியைக் கைநழுவ விட்டுவிடும் அபாயம் இத்தொழிலை ஆதியிலிருந்தே தொடர்ந்து வருகிறது. அதன் சரித்திரத்தையும், அதற்கு ஆளைத் தயார் செய்யும் கல்விமுறையையும் இந்த ஓர் அபாயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் நன்றாக விளங்கும் என்பது என் அபிப்பிராயம்.

1896-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பிலடெல்பியா நகரத்துப் பள்ளி ஆசிரியையான மார்கரெட் மகுவைர் என்ற அம்மையார், பென்சில்வேனியா சர்வகலாசாலையில் தமக்கு மனோதத்துவம் போதித்துவந்த லைட்னர் விட்மர் என்ற பேராசிரியரிடம் தம் மாணவனாகிய பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி முறையிட்டார். பையனுக்கு எத்தனை முயன்றும் எழுத்துக்கூட்டல் வரவில்லை. விட்மரோ ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்தில் வுண்ட் என்ற பேரறிஞரிடம் பயின்று திரும்பியவர். சோதனைச்சாலையில் கருவிகளுக்கு நடுவே மனித மனத்தை ஆராய்வதே அந்தப் பள்ளியின் வழக்கம். ஆயினும், மனத்தைப் பற்றிய சாஸ்திரம் என்று பெருமை பேசிக்கொள்ளும் ஒன்று, எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு சிறுவனுக்கு உதவாவிட்டால் அதனால் ஆவதென்ன என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. பையனை வரவழைத்துச் சோதித்ததில் அவனுக்குக் கண்பார்வையிலேயே கோளாறு இருப்பது தெரியவந்தது. அதற்குக் கண்ணாடி போட்டார்கள். கண்ணாடியாலும் தீராமல் எஞ்சிநின்ற குறைக்கு, அருகே அமர்ந்து தனியாகப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு செய்தார்கள். உலகத்தின் முதல் மனோதத்துவ கிளினிக் என்று இன்று சொல்லப்படுவது இவ்விதமாகத்தான் பிலடெல்பியாவில் தோன்றிற்று. 1907-ல் 'ஸைக்கலாஜிகல் கிளினிக்' என்ற பெயரில் ஒரு பத்திரிகையும் விட்மர் ஆரம்பித்தார். இங்கே கவனிக்கத் தக்க விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பையனை அழைத்து வந்தவர் வைத்தியர் அல்லர், அவனுடைய ஆசிரியை. அவனுக்குப் புத்தி எத்தனை என்று எண் போட்டுச் சொல்லவும் எவராலும் முடியவில்லை, ஏனென்றால் அப்படிப்பட்ட அளவுகோல் அப்போது பிறக்கவேயில்லை.

அளவுகோல் பாரிஸிலிருந்து வந்தது. சாதாரண வகுப்பில் கற்க இயலாத பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தக்க கல்வி அளிப்பது எப்படி என்று ஆராய, 1904-ல் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. அதில் அங்கம் வகித்த ஆல்பிரெட் பினே, தியோடோர் சிமோன் என்ற இளம் வைத்தியரின் துணையோடு, எளிதில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமாகும் முப்பது சோதனைகளை 1905-ல் வெளியிட்டார். பினே பிள்ளையைக் கழித்துக்கட்டுவதற்காக இந்தக் கருவியைச் செய்யவில்லை. புத்தி என்பது பிறவியிலேயே அளந்து வைத்த ஒரு பண்டம், அது கூடவே கூடாது என்று பேசியவர்களை அவர் வன்மையாகக் கண்டித்தவர். பின்தங்கிய பிள்ளைகளின் கவனத்தையும் சிரத்தையையும் வளர்ப்பதற்கென்றே தனிப் பயிற்சிகளை வகுத்தவர். ஆனால் 1911-ல் அவர் காலமாவதற்கு முன்பே அளவுகோல் மட்டும் அட்லாண்டிக் கடலைக் கடந்து, அவருடைய நம்பிக்கைகளைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டுப் போயிற்று. நியூஜெர்ஸி மாகாணத்து வைன்லாண்டில், மந்தபுத்தியுள்ள பிள்ளைகள் என்று அக்காலத்தில் சொல்லப்பட்டவர்களுக்கான ஸ்தாபனத்தில் ஆராய்ச்சி நடத்திவந்த ஹென்றி காடார்ட், அதை ஆங்கிலத்தில் தந்து, பரம்பரையாக வரும் குறையைக் கண்டுபிடிக்கும் கருவியாகவே அதைப் பரப்பினார். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் 1916-ல் அதைத் திருத்தி விரித்து வெளியிட்டபோது, ஜெர்மானியரான ஸ்டெர்ன் 1912-ல் கூறியிருந்த யோசனையைத் தழுவி, மனவயதை உடல்வயதால் வகுத்து நூறால் பெருக்கிக் கிடைக்கும் நுண்ணறிவு ஈவை, அதாவது உலகமெல்லாம் ஐ.க்யூ. என்று வழங்கும் எண்ணை, நிலைநாட்டினார்.

இதே காலத்தில்தான் பள்ளி மனோதத்துவர் என்ற உத்தியோகப் பெயரும் பிறந்தது. 1915-ல் கனெக்டிகட் மாகாணக் கல்விக் கழகம், யேல் சர்வகலாசாலையில் குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்த ஆர்னல்ட் கெஸலை, ஊர் ஊராகச் சென்று பின்தங்கிய பிள்ளைகளைப் பரிசோதித்து யோசனை சொல்வதற்காக நியமித்தது. அமெரிக்காவில் அந்தப் பெயரோடு உத்தியோகம் வகித்தவர்களில் அவரே முதல்வர் என்பர். இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1913-ல், லண்டன் நகரசபை இதே போன்ற வேலைக்கு ஸிரில் பர்ட்டை நியமித்திருந்தது. கெஸலுக்குப் பின்வந்த அரை நூற்றாண்டில், தனி வகுப்புகள் பெருகப் பெருக, அவற்றுக்குள் யாரை அனுப்புவது, யாரை நிறுத்துவது என்று நிர்ணயிக்க மாகாணச் சட்டங்கள் ஒரு பரீட்சகரின் கையெழுத்தைக் கோரின. மனோதத்துவர் பள்ளிக்கு வருவார், சோதனைக் கருவிகள் அடங்கிய பெட்டியைத் திறப்பார், ஒரு மணி ஒன்றரை மணி நேரம் பிள்ளையைச் சோதிப்பார், எண்ணைக் குறித்துக் கொடுத்துவிட்டு அடுத்த பள்ளிக்குப் புறப்படுவார். வாயிற்காவலன் வேலை என்று இத்தொழிலின் சரித்திரத்தை எழுதியவர்களே இதைக் குறைகூறியிருக்கிறார்கள். 1954-ல் நியூயார்க் மாகாணத்து வெஸ்ட் பாயிண்டில், தேயர் ஹோட்டலில் கூடிய மகாநாடு, இவர்கள் யார், என்ன படித்திருக்க வேண்டும், பள்ளிக்கு இவர்களால் ஆகவேண்டியது என்ன என்பதையெல்லாம் முதன்முதலாக ஒழுங்குபட விவாதித்தது. ஆனால் தொழிலின் போக்கை மெய்யாக மாற்றியவை மகாநாட்டுத் தீர்மானங்கள் அல்ல, நீதிமன்றங்கள்.

கலிபோர்னியாவில் மான்டெரே என்ற ஜில்லாவில், வீட்டில் ஸ்பானிஷ் பேசும் மெக்ஸிக வம்சத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரை ஆங்கிலத்தில் சோதித்து, மந்தபுத்தியுள்ளவர்கள் என்று தனி வகுப்பில் போட்டிருந்தார்கள். அவர்களுடைய பாஷையிலேயே மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்லர் என்பது வெளிப்பட்டது. டயானா என்ற பெயரால் அறியப்படும் அவ்வழக்கு 1970-ல் சமரசமாக முடிந்து, பிள்ளைகளை அவர்களுடைய தாய்மொழியில் சோதிக்க வேண்டும் என்ற விதி பிறந்தது. (வீட்டில் தமிழ் ஒன்றையே கேட்டு வளர்ந்து, பள்ளியில் ஆங்கிலத்தில் வினாக்களைச் சந்திக்கும் நம் பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்த வழக்கு தூரதேசத்துச் செய்தியாகத் தோன்றாது.) அடுத்து 1971-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவின் கறுப்பினப் பிள்ளைகளுக்காக லாரி பி. என்ற வழக்குத் தொடுக்கப்பட்டது. அம்மாகாணத்துப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரான கறுப்பினத்தவர், மந்தபுத்தியினருக்கான வகுப்புகளில் நாலில் ஒரு பங்கினராக இருந்தார்கள். நீதிபதி ராபர்ட் பெக்கம், 1979-ல், அத்தகைய வகுப்புகளுக்குக் கறுப்பினப் பிள்ளைகளைத் தெரிந்தெடுப்பதற்கு நுண்ணறிவுச் சோதனைகளைப் பயன்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தார். மறு வருஷமே இல்லினாய் மாகாணத்தில் ஜான் கிரேடி என்ற நீதிபதி நேர்மாறாகத் தீர்ப்புக் கூறினார் என்பதுதான் வேடிக்கை. அவர் நிபுணர்களின் வாதப் பிரதிவாதங்களில் சலிப்புற்று, சோதனையிலுள்ள வினாக்களைத் தாமே ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து, விரல்விட்டு எண்ணத்தக்க சில மட்டுமே பட்சபாதமுள்ளவை என்று முடிவு செய்ததோடு, வினாக்களைத் தீர்ப்பிலேயே எழுதியும் வைத்துவிட்டார். சோதனைகளை இரகசியமாகக் காத்துவந்தவர்களுக்கு அது எத்தகைய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. என்னைக் கேட்டால், கிரேடி வினாவைப் பார்த்தார், பெக்கம் வினாவின் விளைவைப் பார்த்தார். பிள்ளை வாழப்போவது விளைவில்தான்.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் முன்பே அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு பெரிய சட்டம் இயற்றியிருந்தது. 1975 நவம்பர் 29-ஆம் தேதி ஜனாதிபதி போர்டு கையெழுத்திட்ட அச்சட்டத்தின் முகவுரை, நாட்டில் ஊனமுற்ற பிள்ளைகள் 80 லட்சத்துக்கு மேல் இருப்பதாகவும், அவர்களில் 10 லட்சம் பேர் பொதுப் பள்ளிகளில் அடியோடு இடமின்றி விலக்கப்பட்டிருப்பதாகவும் கூறிற்று. அத்தனை பேருக்கும் இலவசமாக, அவரவர்க்குத் தக்க கல்வி அளிக்கவேண்டியது பள்ளியின் கடமை ஆயிற்று. பெற்றோர் எழுத்து மூலம் சம்மதிக்காமல் பிள்ளையைப் பரிசோதிக்கலாகாது. எந்த ஒரு சோதனையையும் மட்டும் ஆதாரமாகக் கொண்டு முடிவு செய்யலாகாது. பிள்ளையின் சொந்த பாஷையில் சோதிக்க வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் அமர்ந்திருக்கும் சபையில்தான் முடிவு எடுக்க வேண்டும். அம்முடிவில் பெற்றோருக்குத் திருப்தியில்லையேல் வெளியார் ஒருவரைக் கொண்டு மறுபரிசோதனை செய்யும்படி கோரலாம். நீதிமன்றங்களில் அடிபட்டுக் கற்ற பாடங்கள் எல்லாம் விதிகளாயின. பின்னர் பலமுறை திருத்தப்பட்டு, பெயரும் மாறி, இன்றுவரை பள்ளி மனோதத்துவரின் தினசரி வேலையை ஆண்டுவருவது அச்சட்டமே.

அந்த வேலை எவ்விதம் நடக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டலாம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன். வாயால் கேட்டால் கதை சொல்லுவான், கணக்கும் சுமாராகப் போடுவான், புத்தகத்தை நீட்டினால் மட்டும் வயிற்றுவலி என்பான். அவனுடைய ஆசிரியை மனோதத்துவரிடம் வருகிறார். இருபது முப்பது வருஷங்களுக்கு முன்பாக இருந்தால், உடனே நுண்ணறிவுச் சோதனை ஒன்றையும் வாசிப்புச் சோதனை ஒன்றையும் நடத்தி, இரண்டுக்கும் இடையே எத்தனை தூரம் என்று கணக்கிட்டிருப்பார்கள். தூரம் போதிய அளவு இருந்தால் அவன் கற்றல் குறைபாடுள்ளவன், தனி உதவிக்கு உரியவன், இராவிட்டால் இல்லை. இந்த முறையில் ஒரு கொடுமை இருந்தது. ஆறு ஏழு வயதில் தடுமாறும் பிள்ளைக்கு அந்தத் தூரம் இன்னும் விழுந்திருக்காது. ஆகவே உதவி கிடைக்க வேண்டுமானால், இரண்டு மூன்று வருஷம் தோற்றுக் காட்ட வேண்டும். 2004-ல் சட்டத்தைத் திருத்தியபோது, அத்தகைய தூரக் கணக்கை மாகாணங்கள் கட்டாயமாக்கக் கூடாது என்றும், தக்க முறையில் கற்பித்துப் பார்த்து அதற்குப் பிள்ளை எவ்விதம் பலன் காட்டுகிறது என்பதைக் கொண்டும் நிர்ணயிக்கலாம் என்றும் விதித்தார்கள்.

ஆகையால் நம் மனோதத்துவர் இன்று முதலில் கேட்பது, "இதுவரை அவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்?" என்பது. வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார். பழைய மதிப்பெண் ஏடுகளையும், வருகைப் பதிவையும், தாதியிடமுள்ள கண், காது பரிசோதனைக் குறிப்புகளையும் புரட்டுகிறார். விட்மர் காலத்துக் கண்ணாடி இன்றும் முதற் கேள்விகளில் ஒன்று. பிறகு நாள்தோறும் அரைமணி நேரம் ஒலிகளையும் எழுத்துகளையும் இணைத்துப் பழக்கும் பயிற்சி ஒன்றை ஆசிரியையுடன் கூடி ஏற்பாடு செய்து, வாரந்தோறும் ஒரு நிமிஷ நேரம் ஒரு பத்தியை உரக்கப் படிக்கச் சொல்லி, பிழையின்றிப் படித்த சொற்களை எண்ணி, கோட்டுப் படத்தில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். மினஸோட்டா சர்வகலாசாலையில் ஸ்டான்லி டெனோ என்பவரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறை இது. பார்ப்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் எட்டுப் பத்து வாரத்தில் அந்தப் புள்ளிகள் மேலேறுகின்றனவா, தரையோடு கிடக்கின்றனவா என்பதைப் பார்த்தால், பிள்ளையைப் பற்றி மட்டுமன்றி, நாம் கற்பிக்கும் முறையைப் பற்றியும் ஒரு செய்தி கிடைக்கிறது. பழைய சோதனைப் பெட்டி இந்த இரண்டாவது செய்தியைத் தந்ததேயில்லை.

புள்ளிகள் ஏறவில்லை என்றால், பெற்றோரின் சம்மதம் பெற்று முழுப் பரிசோதனை தொடங்குகிறது. சம்மதம் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள், அல்லது மாகாணம் வேறு கெடு வைத்திருந்தால் அதற்குள், அது முடிந்தாக வேண்டும். அப்போது பெட்டி திறக்கப்படுகிறது. அதற்குள் பெரும்பாலும் இருப்பது, நியூயார்க் பெல்வியூ மருத்துவமனையின் டேவிட் வெக்ஸ்லர் 1949-ல் பிள்ளைகளுக்கென்று வெளியிட்ட அளவுகோலின் புதிய பதிப்பு. சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளை அடுக்கி உருவம் அமைத்தல், இரண்டு பொருளுக்குள்ள ஒற்றுமையைச் சொல்லுதல், கேட்ட எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லுதல் என்று பத்துப் பன்னிரண்டு பகுதிகள் உண்டு. சராசரி 100, பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 85-க்கும் 115-க்கும் நடுவே நிற்பார்கள். தேர்ந்த மனோதத்துவர் ஒற்றை எண்ணை எழுதுவதில்லை. இந்த எண் இன்னதிலிருந்து இன்னது வரை இருக்கக்கூடும் என்று ஓர் எல்லையையே எழுதுவார். அவருடைய கண்ணோ எண்ணைவிட, பையன் கட்டைகளை அடுக்கும்போது அவசரப்படுகிறானா, தோற்றால் துவண்டு போகிறானா, "எனக்குத் தெரியாது" என்பதை யோசித்துச் சொல்கிறானா, யோசிக்க அஞ்சிச் சொல்கிறானா என்பதில் ஊன்றியிருக்கும்.

அளவுகோலுக்குப் பதிப்பு மாற்றம் ஏன் வேண்டும் என்று கேட்கலாம். ஒரு பிள்ளையின் மதிப்பெண் என்பது அதே வயதுள்ள ஆயிரக்கணக்கான பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பெறுவது. அந்த ஒப்பீட்டுக் கூட்டம் பழசாகிவிட்டால் கணக்குப் பிசகும். ஜேம்ஸ் பிளின் என்பவர் 1980-களில் காட்டியபடி, அமெரிக்காவில் பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று மதிப்பெண் வீதம் ஜனங்களின் சராசரி உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆகையால் பழைய பதிப்பில் சோதித்தால் பிள்ளை உள்ளதைவிட உயர்ந்து காணும். தேய்ந்த படிக்கல்லால் நிறுத்தால் பண்டம் கனத்துத் தோன்றுவது போலத்தான் இதுவும். வெக்ஸ்லர் அளவுகோலை இந்தியப் பிள்ளைகளுக்கென்று மாலின் என்பவர் 1969-ல் நாகபுரியில் அமைத்துக் கொடுத்த வடிவம் இன்னும் நம் நாட்டில் கையாளப்பட்டு வருகிறது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் இருபத்தொரு இனங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்ட பிறகு, சான்றிதழுக்காகப் பரிசோதனையை நாடும் பெற்றோர் நம்மிடையே உண்டாதலால், அளக்கும் கருவியின் வயதைப் பற்றியும் நாம் கவலைப்பட வேண்டியவர்களே.

பரிசோதனை முடிந்ததும் நீண்ட அறிக்கை ஒன்று எழுதி, பெற்றோர், ஆசிரியர், பள்ளி நிர்வாகி எல்லாரும் கூடும் கூட்டத்தில் மனோதத்துவர் அதை விளக்குகிறார். இந்தத் தொழிலில் கடினமான ஒரு மணி நேரம் எது என்றால் இதுதான் என்பேன். நுண்ணறிவு அளவையின் பதினாறாவது நூற்றுமானம் என்று சொன்னால், நூற்றுக்குப் பதினாறு மதிப்பெண் என்று தகப்பனாருக்குக் கேட்கிறது. மகனிடம் குறை இருக்கிறது என்று சொல்லும்போது, தம் வளர்ப்பில் குறை என்று தாயாருக்குக் கேட்கிறது. எண்களைச் சொல்லி முடித்த பிறகு, நாளை காலை முதல் யார், எந்த நேரத்தில், எந்த முறையில் அவனுக்கு வாசிப்புக் கற்பிப்பார்கள், வருஷ முடிவில் அவன் எதுவரை வந்திருக்க வேண்டும் என்பதைத் தனிநபர் கல்வித் திட்டமாக எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது பிள்ளையின் நிலையை மறுபடி ஆராய வேண்டும் என்பதும் சட்டம்.

இதற்கெல்லாம் ஆளைத் தயார் செய்யும் படிப்பு எத்தகையது? நான்கு வருஷக் கல்லூரிப் பட்டத்துக்கு மேல், பெரும்பாலான மாகாணங்களில், மூன்று வருஷம் படிக்க வேண்டும். அறுபது ஸெமஸ்டர் மணி அளவுள்ள பாடங்களும், முடிவில் 1,200 மணி நேரத்துக்குக் குறையாத உள்ளிருப்புப் பயிற்சியும், அதில் குறைந்தது 600 மணி நேரம் பள்ளிக்கூடத்திலேயே கழிய வேண்டும் என்பதும், 1969-ல் ஸெயின்ட் லூயிஸ் நகரத்தில் தோன்றிய தேசியப் பள்ளி மனோதத்துவர் சங்கம் வகுத்த திட்டம். குழந்தை வளர்ச்சி, கற்றலின் இயல்பு, புள்ளியியல், மனநோய்களின் கூறுகள், கல்விச் சட்டம், ஒழுக்கநெறி, பல இனத்தாரின் குடும்ப வழக்கங்கள் என்று பாடங்கள் விரியும். அவற்றைப் பற்றி இங்கே நீட்டிச் சொல்ல அவசியமில்லை. சோதனை நடத்தக் கற்கும் பாடம் ஒன்றை மட்டும் சற்றுச் சொல்ல வேண்டும்.

முதல் வருஷ மாணவர், தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளைச் சம்மதத்தோடு அழைத்துவந்து, சோதனையைப் பழகுகிறார். அச்சிட்ட வாக்கியத்தில் ஒரு சொல்லும் மாறாமல் வினாவைப் படிக்க வேண்டும். நிறுத்துகடிகாரம் பார்க்க வேண்டும். விடையை அப்படியே எழுத வேண்டும். இத்தனை வினா தொடர்ந்து தவறினால் நிறுத்த வேண்டும் என்ற விதியை மனத்தில் வைத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம்விடக் கடினமானது, விடை சரி என்றோ தவறு என்றோ முகத்தால்கூடக் காட்டாமல் இருப்பது. ஒரு குழந்தை விடைக்கு அருகே வந்து தடுமாறும்போது ஒரு சிறு குறிப்புக் கொடுத்துக் கரையேற்ற வேண்டும் என்ற ஆசை, கற்பிக்கும் குணமுள்ள எவருக்கும் எழும். அதை அடக்கிக்கொண்டு, "நன்றாக முயற்சி செய்கிறாய்" என்ற அளவில் நிற்க வேண்டும். பேராசிரியர், சோதனை நடந்தபோது எடுத்த பதிவுப் படத்தைப் பார்த்து, தாளைத் திருத்திக் கொடுக்கும்போது, கூட்டலில் பிசகியவை, இரண்டு மதிப்பெண் பெற வேண்டிய விடைக்கு ஒன்று போட்டவை, மேலும் விளக்கம் கேட்கவேண்டிய இடத்தில் கேளாமல் விட்டவை எல்லாம் சிவப்பு மையில் நிறைந்திருக்கும். பயிற்சி பெறுகிறவர்கள் இத்தகைய பிழைகளை ஏராளமாகச் செய்கிறார்கள் என்பதையே பொருளாகக் கொண்ட ஆராய்ச்சிகள் பல வந்திருக்கின்றன. எண் என்பது வானத்திலிருந்து இறங்குவதன்று, தடுமாறக்கூடிய ஒரு மனிதர் ஒரு மேஜையில் உட்கார்ந்து உண்டாக்குவது என்பதைத் தம் கைப்பிழைகளிலிருந்தே அறிந்துகொள்வதுதான் இந்தப் பாடத்தின் உயர்ந்த பலன் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாம் வருஷத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் பள்ளிக்குச் சென்று பழகுகிறார்; மூன்றாம் வருஷம் முழுவதும் பள்ளியிலேயே, அனுபவமுள்ள மனோதத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்கிறார். வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது மேற்பார்வையாளர் அவரோடு அமர்ந்து பேச வேண்டும் என்பது நியதி. தாம் செய்த உதவியால் ஒரு பிள்ளையின் படிப்போ நடத்தையோ மெய்யாகவே திருந்திற்று என்பதை அளந்து காட்டும் ஓர் ஆய்வுக் கட்டுரையும் சமர்ப்பிக்க வேண்டும். பிள்ளையை அளக்க வந்தவரின் வேலையையே அளந்து பார்க்கும் இந்த ஏற்பாடு மிகவும் நியாயமானது. பிறகு தேசியப் பரீட்சை உண்டு. தேசியச் சான்று பெற்றவர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 75 மணி நேர மேற்படிப்பைக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

டாக்டர் பட்டம் பெறாதவர் தம்மை மனோதத்துவர் என்று அழைத்துக்கொள்ளலாமா என்ற சண்டை வெகுகாலமாக நடக்கிறது. அமெரிக்க மனோதத்துவ சங்கம் கூடாது என்கிறது. பள்ளி மனோதத்துவர் சங்கம் மூன்று வருஷப் படிப்பே போதும் என்கிறது. இந்தச் சண்டையின் பயனாக டெக்ஸஸ் மாகாணத்தில் அவர்களுக்குப் 'பள்ளி மனோதத்துவத்தில் உரிமம் பெற்ற விசேஷ நிபுணர்' என்று மூச்சுவாங்கும் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. பிள்ளைகளுக்கு இதனால் லாபமுமில்லை, நஷ்டமுமில்லை.

சோதனையும் அறிக்கையும் தவிர வேறு வேலைகளும் உண்டு. நாற்காலியைத் தூக்கி எறியும் சிறுமி ஒருத்தியைப் பற்றி ஆசிரியர் முறையிட்டால், மனோதத்துவர் அவளை அறைக்கு அழைத்து உபதேசிப்பதில்லை. எறிவதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, எறிந்த பின் என்ன கிடைத்தது என்று நாட்கணக்கில் குறித்துக்கொள்கிறார். கணக்கு வகுப்பு தொடங்கும் போதெல்லாம் எறிகிறாள், எறிந்தவுடன் வெளியே அனுப்பப்படுகிறாள் என்று தெரிந்தால், தண்டனை என்று ஆசிரியர் நினைத்தது அவளுக்கு விடுதலையாக இருந்திருக்கிறது என்பது விளங்கும். அதன் பின் கணக்கைச் சிறு சிறு பகுதியாகக் கொடுக்கவும், "கொஞ்சம் ஓய்வு வேண்டும்" என்று வாயால் கேட்கவும் பழக்கத் திட்டமிடலாம். சாவு எண்ணம் கொண்டதாகச் சந்தேகிக்கப்படும் இளம்பிள்ளையிடம் சுற்றிவளைக்காமல் நேராகவே அதைப் பற்றிக் கேட்கவும், உயிருக்கு அபாயம் என்று தெரிந்தால் இரகசியம் காக்கும் வாக்குறுதியைக் கடந்து பெற்றோருக்குத் தெரிவிக்கவும் அவருக்குப் பயிற்சி உண்டு. அந்த விதிவிலக்கை முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் சொல்லி வைப்பதும் பயிற்சியின் பகுதியே. பள்ளியில் ஒரு மாணவர் இறந்துபோனால், மறுநாள் காலையில் எந்த வகுப்பில் யார் எந்தச் சொற்களால் செய்தியைச் சொல்வது என்பதை ஆசிரியர்களோடு அமர்ந்து முடிவு செய்பவரும் அவரே.

ஒரு மனோதத்துவருக்கு 500 மாணவர் என்ற விகிதமே தக்கது என்று பள்ளி மனோதத்துவர் சங்கம் கூறுகிறது. நாட்டின் சராசரியோ ஒருவருக்கு ஆயிரத்துக்கு மேல். ஆள் போதாத இடத்தில் எந்த வேலை நடக்கும், எது நின்றுபோகும் என்பதை ஊகிப்பது கடினமன்று. அறுபது நாள் கெடுவுள்ள பரிசோதனையைத் தள்ளிப்போட முடியாது. ஆசிரியையின் வகுப்பில் பின்வரிசையில் போய் உட்கார்வதற்கோ, வாரந்தோறும் கோட்டுப் படத்தைப் பார்ப்பதற்கோ சட்டம் கெடு வைக்கவில்லை. ஆகையால் பல ஜில்லாக்களில் மனோதத்துவர், தாம் மூன்று வருஷம் கற்றதில் முக்கால் பங்கை ஒதுக்கிவைத்துவிட்டு, மறுபடியும் பெட்டியும் அறிக்கையுமாகவே காலம் கழிக்கிறார்.

2022-ல் டெக்ஸஸ் மாகாணத்து யுவால்டியில் ஒரு தொடக்கப்பள்ளியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு நிறைவேறிய சட்டம், பள்ளிகளில் மனோதத்துவர் முதலிய மனநல ஊழியரைப் பெருக்குவதற்கென்று 100 கோடி டாலர் ஒதுக்கியது. உள்ளிருப்புப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கவும், பயிற்சி முடித்தவர்களைக் கிராமப்புறப் பள்ளிகளுக்கு ஈர்க்கவும் பல சர்வகலாசாலைகளும் ஜில்லாக்களும் அந்தப் பணத்தைக் கொண்டு திட்டம் போட்டன. 2025 ஏப்ரல் மாத இறுதியில் மத்திய கல்வி இலாகா அந்த மானியங்களைத் தொடரப் போவதில்லை என்று அறிவித்தது. அதை எதிர்த்துப் பதினாறு மாகாணங்கள் அவ்வாண்டு கோடையில் நீதிமன்றம் சென்றன.